துருப் பிடிக்காத கம்பி

காலையில் பல் தேய்த்து வாய் கொப்பளிப்பதோடு சரி, அதற்குப் பிறகு உச்சியக்கா தண்ணீர்ப் பக்கமே திரும்பிப் பார்க்க மாட்டாள். டீ கிடையாது, பால் கிடையாது. சோற்றைக்கூடக் கெட்டியாக உருட்டி விழுங்கிவிட்டு, ஈரத் துணியால் உதட்டை ஒரு தடவை ஒற்றிக்கொண்டு கிளம்பிவிடுவாள். அவள் பார்த்த வேலை அப்படி.

கட்டிடம் எழும்புகிற இடத்தில் நெட்டுக்குத்தாக நிற்குமே பெரிய கிரேன், அதன் தலையில் இருக்கும் கண்ணாடிக் கூண்டில்தான் அவளுக்கு வேலை. கூண்டுக்குப் போக இரும்பு ஏணியைத் தவிர வேறு வழி இல்லை. ஒரு ஏணி, நின்று மூச்சு வாங்க ஒரு பலகை, மறுபடி ஓர் ஏணி. கீழே நிற்கிற மனிதர்கள் சுண்டுவிரல் அளவுக்குச் சிறுத்த பிறகும் ஏணி முடியாது. ஏறி உட்கார்ந்துவிட்டால் காலடியில் கண்ணாடி, கண்ணாடிக்குக் கீழே வெறும் காற்று. வெயில் காலத்தில் கூண்டு வாணலி மாதிரி காயும். காற்றடித்தால் தொட்டில் மாதிரி ஆடும். அங்கே உட்கார்ந்து இரண்டு கையிலும் இரண்டு நெம்புகோலைப் பிடித்து, வாக்கி டாக்கியில் வரும் குரலைக் காதில் வாங்கிக்கொண்டு, கம்பிக் கட்டையும் காங்கிரீட் தொட்டியையும் பலகையையும் தூக்கித் தூக்கி வைக்க வேண்டும். அந்த உயரத்தினால்தான் அவளுக்கு உச்சி என்று பேர் வந்தது. வீட்டில் வைத்த பேர் இன்னது என்று சைட்டில் ஒருத்தருக்கும் தெரியாது.

அவளுக்கு முன்னால் அந்தக் கூண்டில் உட்கார்ந்த ஆண்களுக்கு அவசரம் வந்தால் ஒரு காலி பாட்டில் போதும். அவளுக்கு அது ஆகாது. இறங்கி வரலாம் என்றால், இறங்கி ஏறி முடிப்பதற்குள் கலவை இறுகிவிடும் என்று மேஸ்திரி குதிப்பார். ஆகவே அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். குடித்தால்தானே போக வேண்டும், குடிக்காமலே இருந்துவிட்டால் தீர்ந்தது. வருஷக் கணக்காக அப்படியே ஓட்டினாள். இன்ஜினியர் புது ஆட்களுக்கு அவளைக் காட்டித்தான் பாடம் நடத்துவார். அந்தம்மாவைப் பாருங்க, காலையில ஏறினா சாயந்தரம்தான் தரையில கால் வைக்கிறாங்க, உங்களுக்கெல்லாம் என்ன கேடு என்பார். அந்தப் பேச்சைக் கேட்கும்போதெல்லாம் உச்சியக்காவுக்குக் கழுத்தில் நகை போட்ட மாதிரி இருக்கும். உள்ளே கல் விளைந்துகொண்டிருந்தது யாருக்குத் தெரியும்?

ஒரு நாள் கம்பிக் கட்டைத் தூக்கிக்கொண்டிருந்தபோது இடது விலாவுக்குக் கீழே யாரோ கடப்பாரை போட்டு நெம்புவது போல ஒரு வலி எடுத்தது. கண் இருட்டிக்கொண்டு வந்தது. கட்டு பாதி வழியில் தொங்குகிறது, அடியில் ஆட்கள் நிற்கிறார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு, கட்டைப் பூப்போல இறக்கி வைத்து, கொக்கியைக் கழற்றியாயிற்று என்று காதில் கேட்ட பிறகுதான் நெம்புகோல் மேல் கவிழ்ந்தாள். கீழே நின்று அவளுக்குச் சைகையும் குரலும் கொடுக்கிறவனைக் கைகாட்டி என்பார்கள். அவன்தான் மேலே ஏறிப் போய், தன் இடுப்பு வாரோடு அவளைப் பிணைத்து, ஒவ்வொரு படியாக இறக்கிக்கொண்டு வந்தான். இறங்குகிற வழியெல்லாம் அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். கட்டு சரியான இடத்தில் உட்கார்ந்ததா?

சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப் பைக்கு இறங்குகிற மெல்லிய குழாயில் கல் வந்து மாட்டியிருந்தது. ஆஸ்பத்திரியில் உடைத்து எடுத்துவிட்டார்கள். அதோடு போயிருந்தால் கதையே இல்லை. கல் உட்கார்ந்திருந்த இடம் புண்ணாகி, புண் ஆறுகிறபோது சுருங்கி, குழாய் அந்த இடத்தில் நூல் போல ஆகிவிட்டது. மேலே ஊறுகிற நீர் கீழே இறங்க வழியில்லாமல் தேங்க, சிறுநீரகம் ஊதத் தொடங்கிவிட்டது. ஸ்கேன் எடுத்தபோது இன்னொன்றும் தெரிந்தது. அவளுடைய வலது சிறுநீரகம் பிறவியிலேயே சூம்பிப் போனது, பேருக்குத்தான் இருக்கிறது. இத்தனை காலமும் உடம்பைத் தாங்கியது இடதுதான். வீட்டில் ரெண்டு பேர் இருந்தாலும் ஒருத்தர்தான் சம்பாதிக்கிறார் என்று டாக்டரம்மா விளக்கினார். கூட வந்திருந்த நாத்தனாருக்கு அது உடனே புரிந்துவிட்டது. எங்க வீட்டுலயும் கொஞ்ச காலம் அப்படித்தான் இருந்தது என்று தன் தம்பியை ஓரக்கண்ணால் பார்த்தாள்.

அந்தத் தம்பிதான் உச்சியக்காவின் வீட்டுக்காரர், கம்பிக்காரர். அதே சைட்டில் தளத்துக்கும் தூணுக்கும் கம்பி வளைத்துக் கட்டுகிறவர். உள்ளங்கையில் துருவின் நிறம் ஏறி, எத்தனை சோப்புப் போட்டாலும் போகாமல் தங்கிவிட்டது. லாரியில் கம்பி வந்து இறங்கினால் முதலில் நகத்தால் சுரண்டுவார், பிறகு மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்ப்பார். மழையில் நனைந்த கம்பியைத் தொடாமலே சொல்லிவிடுவார். மனிதர் வாயைத் திறந்து பேசுவது குறைவு, பேசினால் இரும்பைப் பற்றித்தான். அவருடைய அக்கா, அந்த நாத்தனாருக்கு, ஒரு சலவைக் கூடத்தில் வேலை, பெரிய பெரிய துணி மூட்டைகளோடும் ஆவியோடும் மல்லுக்கட்டுகிறவள். புருஷன் போன பிறகு தம்பி வீட்டோடு வந்துவிட்டாள். வாய்க்குப் பூட்டு கிடையாது.

சுருங்கின இடத்தில் முதலில் பிளாஸ்டிக் குழல் ஒன்றை வைத்தார்கள். ஸ்டென்ட் என்று பேர். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும். உச்சியக்காவின் உடம்போ அந்தக் குழலை அதுவரைகூட விட்டுவைக்கவில்லை. உப்புப் படிந்து அடைத்துக்கொள்ளும். குளிர் ஜுரம் வந்து பல் கிடுகிடுக்கும். ஓடுவார்கள், மாற்றுவார்கள், மறுபடி அடைக்கும். குழலோடு ஏணி ஏறிப் பார்த்தாள். காலைத் தூக்கி வைக்கிற ஒவ்வொரு படிக்கும் அடிவயிற்றில் சுருக்கென்றது. இரண்டாவது பலகைக்கு மேல் போக முடியவில்லை.

இன்ஜினியர் அவளைக் கீழேயே ஸ்டோரில் போட்டார். கையுறை எடுத்துக் கொடுக்க வேண்டும், ஹெல்மெட் எடுத்துக் கொடுக்க வேண்டும். கிரேனுக்குப் புது ஆள் வந்தான். எதைத் தூக்கினாலும் தொப்பென்று போடுவான், அதனால் அவனுக்குத் தொப்பு என்றே பேராகிவிட்டது. மேலே கொக்கி நகரத் தொடங்கினால் கீழே ஆட்கள் தலையில் கை வைத்துக்கொண்டு ஓடினார்கள். கைகாட்டி தினமும் ஸ்டோர் ஜன்னலுக்கு வந்து அழாத குறையாகப் புலம்புவான். அக்கா, நான் மெதுவா மெதுவான்னு கத்துறேன், அவனுக்கு அது தாலாட்டு மாதிரி கேக்குது போல என்பான். உச்சியக்கா சிரிப்பாள். அவன் போன பிறகு ஜன்னல் வழியே எட்டிப் பார்த்து, தகரக் கூரைக்கு மேலே திரும்பித் திரும்பிப் போகிற அந்த நீளக் கையையே பார்த்துக்கொண்டு நிற்பாள். அப்போது அவள் முகத்தைப் பார்க்கக் கம்பிக்காரருக்குத் தைரியம் இருக்காது.

பிளாஸ்டிக் நான்காவது முறை அடைத்தபோது டாக்டரம்மா பேச்சை மாற்றினார். இனிமேல் இது ஒத்து வராது, உலோகத்தில் ஒரு ஸ்டென்ட் இருக்கிறது, அதை வைத்துப் பார்க்கலாம், நன்றாக அமைந்தால் அடிக்கடி மாற்ற வேண்டியதில்லை என்றார். அமையாவிட்டால் என்ன என்று உச்சியக்கா கேட்டாள். டாக்டரம்மா சுற்றி வளைக்கவில்லை. வெட்டித் தைத்துப் பார்க்க இடம் இருக்கிறதா என்று யோசிக்க வேண்டும், அதற்குள் சிறுநீரகம் தாங்க வேண்டும், இடதும் கைவிட்டால் அப்புறம் வாழ்நாள் முழுக்க ரத்தத்தைச் சுத்தம் பண்ணுகிற மெஷின்தான்.

மேஜை இழுப்பறையைத் திறந்து மாதிரிக்கு ஒன்றை எடுத்துக் காட்டினார். பேனாவுக்குள் இருக்கிற சுருளை நெருக்கமாகச் சுற்றி நீட்டிவிட்ட மாதிரி இருந்தது, அவ்வளவுதான். ஒரு கண்ணாடி டம்ளரில் அதைப் போட்டு, சூடான தண்ணீரை ஊற்றினார். சுருளின் ஒரு முனை மெல்ல அசைந்து, பூ மலர்வது போல விரிந்து புனலாகி நின்றது. கம்பிக்காரர் நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டார்.

"உள்ள வெச்சதும் இந்த மாதிரி சூடா மருந்துத் தண்ணி பாய்ச்சுவோம். முனை விரிஞ்சு கெட்டியா உட்கார்ந்துக்கும்," என்றார் டாக்டரம்மா. "எடுக்கணும்னா குளிர்ந்த தண்ணி பாய்ச்சணும். இளகிடும், உருவி எடுத்துடலாம்."

"இது என்ன இரும்பும்மா?"

"இரும்பு இல்ல. நிக்கலும் டைட்டானியமும் சேர்ந்தது."

"துருப் பிடிக்காதா?"

அதெல்லாம் பிடிக்காது என்று சொல்லிக்கொண்டே டாக்டரம்மா எழுந்துவிட்டார், வேறு வார்டிலிருந்து ஆள் வந்து நின்றது. போகிற போக்கில் தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்லிவிட்டுப் போனார். கம்பிக்காரர் டம்ளரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். துருப் பிடிக்காது, துருப் பிடிக்காது என்று சத்தியம் செய்த எத்தனையோ வியாபாரிகளை அவர் பார்த்திருக்கிறார்.

ஸ்டென்ட் வைத்த அன்று அவளுக்கு இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப் போக ஊசி போட்டார்கள். முழித்துக்கொண்டுதான் இருந்தாள். பக்கத்தில் ஒரு திரை. அதில் சாம்பல் நிறத்தில் அவளுடைய எலும்புகள், நடுவே மயிரிழை போல ஒரு கம்பி மேலே போவது தெரிந்தது. கத்தியில்லை, தையல் இல்லை, நீர் வருகிற வழியாகவே உள்ளே விட்டார்கள். டாக்டரம்மா உதவிக்கு நின்றவரிடம் சொல்லிக்கொண்டே இருந்தார். மேலே, இன்னும் கொஞ்சம் மேலே, நிறுத்துங்க, லேசா கீழே, அப்படியே இருக்கட்டும். உச்சியக்காவுக்கு அந்த இடத்திலும் சிரிப்பு வந்தது. இத்தனை வருஷமாக அவள் காதில் விழுந்த வார்த்தைகள் இவை. கண்ணுக்கெட்டாத இடத்தில் ஒரு பாரத்தை அங்குலம் அங்குலமாக நகர்த்தி உட்கார வைப்பது எப்படி என்று அவளுக்குத் தெரியும். டாக்டரம்மாவின் கை அவசரப்படவில்லை. இவங்க தொப்பு இல்ல என்று நினைத்துக்கொண்டு கண்ணை மூடினாள்.

வீட்டுக்கு வந்ததும் கம்பிக்காரர் யோசிக்க ஆரம்பித்தார். அங்கேதான் வந்தது வினை.

அவருடைய கணக்கு இப்படி ஓடியது. உலோகம் எதுவானாலும் ஈரம் பட்டால் கெட்டது. ஈரம் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவுக்கு அது நிற்கும். இது முதல் விஷயம். இரண்டாவது, குளிர்ந்த தண்ணீர் பட்டால் அது இளகும் என்று டாக்டரம்மாவே கண்ணுக்கு எதிரே சொன்னார். இளகினால் நழுவும். நழுவினால் போச்சு. ஆகவே, பச்சைத் தண்ணீர் கூடவே கூடாது. வெந்நீர்தான். அதுவும் தொண்டை நனைகிற அளவுக்குத்தான். டாக்டர் நிறையக் குடிக்கச் சொன்னாரே என்று உச்சியக்கா ஒரு தடவை கேட்டுப் பார்த்தாள். எல்லா டாக்டரும் எல்லாருக்கும் சொல்றதுதானே அது என்று முடித்துவிட்டார். அவளுக்கும் அதில் பெரிய வருத்தமில்லை. குடிக்காமல் இருப்பது அவளுக்குப் பழகின பாதை, கால் தானாக அந்தப் பக்கம் திரும்பியது. கூண்டுக்காக உடம்பைக் காயப்போட்டவள், இப்போது கம்பிக்காகக் காயப்போட்டாள்.

நாத்தனார் அடுப்பில் வெந்நீரை வைத்துக்கொண்டே இருந்தாள். கம்பிக்காரர் சின்ன டம்ளரில் அரை டம்ளர் அளந்து கொடுப்பார். கொஞ்சம் ஆறிப்போனால் வாங்கிக் கீழே கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றுவார். அத்தனை அக்கறை. பார்க்கிறவர்கள் கண் கலங்குவார்கள், அப்படி ஒரு கவனிப்பு. பக்கத்து வீட்டுக்காரிகூடத் தன் புருஷனிடம் இதைச் சொல்லிச் சண்டை போட்டாளாம்.

முதலில் நன்றாகத்தான் இருந்தது. ஏணி ஏறினால் சுருக்கென்கிற வலி இருக்காது போலிருக்கிறதே என்று உச்சியக்கா வீட்டுப் படியில் ஏறி இறங்கிப் பார்த்தாள். பிறகு நீர் தேன் நிறத்துக்கு மாறியது. பிறகு டீ நிறம். போகிறபோது எரிந்தது. ஒரு மத்தியானம், ஊரே வெயிலில் வெந்துகொண்டிருந்த நேரத்தில், அவள் போர்வைக்குள் சுருண்டு கிடுகிடுவென்று நடுங்கினாள். கம்பிக்காரர் இன்னொரு போர்வையை எடுத்து அவள் மேல் போட்டார். துருப் பிடிச்சிடுச்சு என்று அவர் வாய் முணுமுணுத்தது. வேலையை விட்டு ஓடி வந்த நாத்தனார் ஒரு ஆட்டோவைப் பிடிக்க, மூன்று பேருமாக ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

நர்ஸ் அவள் கையில் ஊசி ஏற்றி மருந்து சொட்டவிட்டாள். டாக்டரம்மா வந்து, ரத்தம் எடுக்கச் சொல்லி, ஸ்கேனில் வயிற்றைப் பார்த்தார். பார்க்கப் பார்க்க அவர் நெற்றி சுருங்கியது. சிறுநீரகம் மறுபடி லேசாக வீங்கியிருக்கிறது, ஸ்டென்ட் அடைக்கத் தொடங்கியிருக்கலாம், அடைத்துவிட்டால் உருவி எடுப்பதைத் தவிர வழியில்லை என்றார். உச்சியக்கா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். கூண்டு கைநழுவிப் போவதை அவள் அப்போதுதான் முழுசாக உணர்ந்தாள்.

"தண்ணி எவ்வளவு குடிக்கிறீங்க?" என்று டாக்டரம்மா கேட்டார்.

உச்சியக்கா கம்பிக்காரரைப் பார்த்தாள். கம்பிக்காரர் தரையைப் பார்த்தார்.

"நான் சொல்றேன் டாக்டரம்மா," என்றாள் நாத்தனார். "என் தம்பிதான் அளந்து குடுப்பான். குழந்தைக்குச் சொட்டு மருந்து ஊத்துற மாதிரி. அதுவும் கொதிக்கக் கொதிக்க. நானும் அடுப்பு மூட்டிக் குடுத்தேன், எனக்கும் புத்தி இல்ல."

"ஏன்?"

கம்பிக்காரர் மெல்ல நிமிர்ந்தார். எல்லாவற்றையும் சொன்னார். துருவைச் சொன்னார், இளகி நழுவுவதைச் சொன்னார், தன் கையை விரித்து உள்ளங்கைச் சிவப்பைக் காட்டினார். "முப்பது வருஷமா கம்பியோட கிடக்கிறேம்மா. தண்ணியில கெட்டுப் போகாத கம்பியை நான் பார்த்ததில்ல. அவளுக்குள்ள வெச்சது கெட்டுடக் கூடாதுன்னுதான்."

நர்ஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, முகத்தைத் திருப்பிக்கொண்டாள். டாக்டரம்மா சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அன்றைக்கு அவசரத்தில் பாதியில் போனது தன் தப்புதான் என்றார். வயிற்றுக்குள் போகிற தண்ணீர் பனிக்கட்டியாக இருந்தாலும் ஸ்டென்ட்டிடம் போய்ச் சேரும்போது உடம்புச் சூட்டுக்கு வந்திருக்கும், இளக வேண்டுமென்றால் நாங்கள் உள்ளே குழாய் விட்டு நேராக அதன் மேலேயே பாய்ச்ச வேண்டும் என்றார். அது ஓரளவு புரிந்தது. துரு விஷயத்தில்தான் மனிதர் அசையவில்லை. தலையை ஆட்டினாரே தவிர, கண்ணில் நம்பிக்கை இல்லை.

டாக்டரம்மா எழுந்து போய் ஒரு சின்னப் புட்டியோடு திரும்பி வந்தார். அதற்குள் ஒரு சுருள். வேறொருத்தர் உடம்புக்குள் சில வருஷம் இருந்துவிட்டு வந்தது, சுத்தம் செய்து வைத்தது என்றார். நீட்டினார்.

கம்பிக்காரர் சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நகத்தால் சுரண்டினார். நகத்தைப் பார்த்தார். இரண்டு விரலுக்கு நடுவே வைத்து வளைத்தார், விட்டதும் அது தன் பழைய வடிவத்துக்கே வந்து நின்றது. மறுபடி வளைத்தார், மறுபடி வந்தது. கடைசியில் மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடி மோந்து பார்த்தார்.

"வாசனையே இல்ல," என்றார்.

"இதுக்குத் துரு வராது," என்றார் டாக்டரம்மா. "ஆனா உப்பு படியும். தண்ணி குறைஞ்சா நீர் கெட்டியாகி உப்பு படிஞ்சு அடைச்சுக்கும். காப்பாத்துறேன்னு எதைச் செஞ்சீங்களோ, அதுதான் இதைக் கெடுக்கும். இவங்க குடிக்கணும். நாள் பூரா குடிக்கணும், அடக்காம போகணும். அவ்வளவுதான் வைத்தியம்."

கம்பிக்காரர் சுருளைப் புட்டிக்குள் பத்திரமாகப் போட்டுத் திருப்பிக் கொடுத்தார். மூலையில் வைத்திருந்த தண்ணீர் டிரம்மிடம் போனார். அங்கே கிடந்ததில் பெரிய கிளாஸாகத் தேடி எடுத்து, விளிம்பு வழியப் பிடித்துக்கொண்டு வந்தார். பச்சைத் தண்ணீர். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவள் தலையைத் தூக்கிப் பிடித்தார்.

"குடிம்மா," என்றார்.

அவள் குடித்தாள். தண்ணீர் கழுத்தில் வழிந்து ஜாக்கெட்டை நனைத்தது. இவ்வளவு தண்ணீரை ஒரே மூச்சில் குடித்து எத்தனை வருஷம் ஆயிற்று என்று அவளுக்கே நினைவில்லை. கிளாஸைக் கீழே வைத்ததும் இன்னொன்று என்றாள்.

அதற்குப் பிறகு அந்த வார்டில் நடந்தது தண்ணீர்த் திருவிழாதான். ஒரு கிளாஸ் முடிந்தால் அடுத்தது. போய்விட்டு வந்தால் கம்பிக்காரர் வாசலிலேயே நின்று நிறத்தை விசாரிப்பார். டீயா, தேனா? தேனுங்க. அப்புறம் ஒரு நாள், எலுமிச்சை மாதிரி இருக்குங்க. பக்கத்துக் கட்டில்காரிகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவர் யாரையும் சட்டை செய்யவில்லை. ஜுரம் இறங்கியது. நடுக்கம் விட்டது. அவள் எழுந்து நடந்தாள். ஆனால் உள்ளே அடைத்தது கரைந்ததா இல்லையா என்று ஸ்கேன்தான் சொல்ல வேண்டும்.

ஸ்கேன் அறையில் கம்பிக்காரரையும் உள்ளே வரச் சொன்னார் டாக்டரம்மா. வயிற்றில் பசையைத் தடவிக் கருவியை உருட்டினார். இந்தப் பக்கம், அந்தப் பக்கம், மறுபடி இந்தப் பக்கம். திரையைத் திருப்பி அவர்களுக்குக் காட்டினார். வீக்கம் இல்லை. சிறுநீரகம் தன் அளவுக்கு வந்து அமர்ந்திருந்தது. சுருங்கின இடத்தில் வெள்ளைக் கோடாகச் சுருள் நின்றது, அதன் வழியே நீர் இறங்குவதை விரலால் தொட்டுக் காட்டினார். பிறகு எடுத்த இன்னொரு பரிசோதனையில் அந்தச் சிறுநீரகம் கல் வந்த காலத்தைவிட நன்றாகவே வேலை செய்வதாகத் தெரிந்தது. டாக்டரம்மா அந்தத் தாளை மூன்று தடவை படித்துவிட்டுத்தான் சொன்னார். வருஷம் ஒரு தடவையாவது வந்து காட்ட வேண்டும், வைத்ததை என்றைக்காவது மாற்ற வேண்டி வரலாம், ஆனால் இன்றைக்குக் கிட்னி உங்களுடையது, தைரியமாக வீட்டுக்குப் போங்கள் என்றார்.

"கிரேன்?" என்றாள் உச்சியக்கா.

"ஏறுங்க. ஆனா தண்ணியோட ஏறுங்க. வந்தா இறங்குங்க. அடக்கினீங்கன்னு தெரிஞ்சா நானே அங்க வந்து நிப்பேன்."

நாத்தனார் தன் தம்பியின் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள். அவர் அழுதுகொண்டிருந்தார். துருப் பிடிக்குற மாதிரி எதுக்குடா அழுவுற, துடைச்சுக்கோ என்றாள். சொல்லிவிட்டு அவளும் முந்தானையை எடுத்தாள்.

இன்ஜினியரோடுதான் அடுத்த மல்லுக்கட்டு. அவளைத் திரும்பக் கூண்டில் ஏற்ற அவருக்கும் ஆசைதான், தொப்பு போட்ட போட்டில் ஒரு சுவரே விரிசல் விட்டிருந்தது. ஆனால் நடுவில் இறங்குவேன் என்று அவள் சொன்னபோது முகம் மாறிவிட்டது. இத்தனை வருஷம் இறங்கவில்லையே, இப்போது மட்டும் என்ன என்றார். இத்தனை வருஷம் இறங்காததால்தான் சார் உள்ளே கம்பி வைத்திருக்கிறது என்றாள். காங்கிரீட் நடக்கும்போது கிரேன் நின்றால் என்ன ஆகும் என்றார். கலவை லாரி சுற்றிக்கொண்டேதானே சார் இருக்கும், நான் போய்விட்டு வருகிற நேரத்தில் ஒன்றும் கல்லாகிவிடாது, எனக்குத்தான் கல்லாகிவிட்டது என்றாள். அவர் பதில் தேடிக்கொண்டிருக்கும்போதே மேலே தொப்பு ஒரு பலகைக் கட்டைத் தொப்பென்று போட்டான். இன்ஜினியர் கண்ணை மூடித் திறந்தார். திங்கட்கிழமை ஏறிக்கொள்ளச் சொன்னார்.

அவள் ஏறினாள். முதல் ஏணி, பலகை, இரண்டாவது ஏணி. சுருக்கென்று எங்கே வரும் என்று காத்துக்கொண்டே ஏறினாள், வரவே இல்லை. கழுத்தில் ஒரு பெரிய பாட்டில் தண்ணீர் வாரில் தொங்கியது. கூண்டில் உட்கார்ந்து நெம்புகோலைப் பிடித்ததும் கை தானாக வேலையை எடுத்துக்கொண்டது. அன்றைக்கு மேல் தளத்துக்குக் காங்கிரீட். தொட்டி தரையை விட்டு எழும்பி, ஒரு சொட்டு சிந்தாமல் சுழன்று போய், தளத்தின் மேல் ஒரு முழம் உயரத்தில் வந்து நின்றபோது, கீழே நின்ற கொத்தனார்கள் தலையில் கை வைக்கவில்லை. கைகாட்டிக்குச் சந்தோஷத்தில் குரலே ராகமாகிவிட்டது. மேலே மேலே என்பதைக்கூடப் பாட்டாகப் பாடினான்.

வேலை மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. பாட்டிலில் பாதிக்கு மேல் காலி. உச்சியக்கா வெறும் கொக்கியை உயர ஏற்றி நிறுத்திவிட்டு, வாக்கியை வாயருகே வைத்தாள்.

"கைகாட்டி, நான் இறங்கப் போறேன்."

"என்னக்கா, மெஷின்ல எதுவும் கோளாறா?"

"மெஷின் நல்லா இருக்கு. எனக்கு ஒண்ணுக்கு வருது."

சைட்டில் இருந்த அத்தனை வாக்கியிலும் அது ஒரே சமயத்தில் ஒலித்தது. மேஸ்திரியின் இடுப்பில், இன்ஜினியரின் மேஜையில், கேட்டில் நிற்கிற காவல்காரரின் தோளில். கொத்தனார்கள் கரண்டியை நிறுத்தினார்கள். தளத்தின் மேல் கம்பி கட்டிக்கொண்டிருந்த கம்பிக்காரர் நிமிர்ந்து பார்த்தார். கண்ணாடிக் கூண்டின் கதவு திறந்தது. அவள் இறங்கத் தொடங்கினாள்.

அவசரப்படவில்லை. ஒவ்வொரு பலகையிலும் நின்று மூச்சு வாங்கினாள். சுண்டுவிரல் அளவில் இருந்தவள் கை அளவாகி, ஆள் அளவாகி, தரையில் கால் வைத்தாள். மேஸ்திரி ஏதோ சொல்ல வாயெடுத்தார், என்ன நினைத்தாரோ, வழி விட்டார். கழிப்பறையாக இருந்த தகரக் கொட்டகைக்கு நடந்து போய் உள்ளே தாழ் போட்டுக்கொண்டாள்.

கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தபோது எதிரே பெண்கள் நின்றார்கள். ஜல்லி சுமக்கிறவர்கள், தண்ணீர் பிடித்து ஊற்றுகிறவர்கள், பலகை கழுவுகிறவர்கள். வேலை நடுவில் தலைச் சுமையை இறக்கி வைக்கக்கூடத் தெரியாதவர்கள். ஒருத்தி பின்னால் ஒருத்தியாக வரிசையில் நின்றார்கள். முதலில் நின்றவள் வெட்கத்தோடு, நீங்க இறங்கினீங்களா, அதான் நாங்களும் என்றாள். உச்சியக்கா கதவைப் பிடித்துக்கொண்டு அவளுக்கு வழி விட்டாள்.

பிறகு ஏறினாள். கூண்டில் உட்கார்ந்து, பாட்டிலைத் திறந்து ஒரு வாய் குடித்து, நெம்புகோலைப் பிடித்தாள். கீழே கலவை லாரி தன்பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது.

"தூக்கலாமா?" என்றாள் வாக்கியில்.

"கொஞ்சம் இருங்கக்கா," என்றான் கைகாட்டி. "கொட்டகையிலேர்ந்து இன்னும் ரெண்டு பேர் வரணும்."

அவள் நெம்புகோலிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கிரேன் அசையாமல் நின்றது. அதற்குக் கீழே சைட்டும் காத்திருந்தது.